மழை கேட்காத வாத்தியம்

ஜூலை மாதம். நானுஓயாவில் ஒரு லயத்தின் கடைசிக் காம்பரா. பலகைப் பெட்டியின் மேல் பழைய மடிகணினியை வைத்துக்கொண்டு தம்பி ஒருவன் எனக்கு ஒரு பதிவைப் போட்டுக் காட்டினான். அவனுடைய அப்பாயி பாடிய தாலாட்டு. முதல் பன்னிரண்டு விநாடிக்குக் கிழவியின் குரல் சுத்தமாக வருகிறது. பிறகு கூரைத் தகரத்தில் நாலைந்து சொட்டு விழுகிறது. அதற்கப்புறம் பாடுவது மழை மட்டும்தான்.

"அண்ணே, இதுல மழைய மட்டும் எடுத்துற முடியுமா?"

"எடுக்கலாம்ப்பா. அப்பாயியும் கூடவே போயிருவாங்க."

அவன் சிரிக்கவில்லை. சீட்டு எடுத்த காசு 20,000 ரூபாய் கையில் இருக்கிறது. அதை வைத்து வீட்டிலேயே பாட்டு செய்ய வேண்டும். ஹட்டனில் இருக்கும் கூட்டாளி, நல்ல ஒலிப்பதிவு மென்பொருளாக வாங்கு என்கிறான். கொழும்பில் கடையில் நிற்கும் இன்னொருவன், மைக்கே வேண்டாம், மென்பொருள் சிந்தசைசர் ஒன்று போட்டால் வாத்தியம் எல்லாம் உள்ளேயே இருக்கும், மழை பெய்தால் உனக்கென்ன, இடி இடித்தால் உனக்கென்ன என்கிறான்.

"எத மொதல்ல போடுறது?"

கொழும்புக்காரன் சொன்னதே சரி என்றேன். அந்தப் பதிலில் பாதி தப்பு. தப்பு என்ற சொல் இந்த அத்தியாயத்தில் வேறொரு பொருளிலும் வரப்போகிறது. என்னைத் திருத்தியதும் அந்தத் தப்புதான்.

*

ஒலிப்பதிவு மென்பொருள் என்ன செய்கிறது என்பதைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று பழகியவர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். தராசு எதையும் விசாரிக்காது. சாக்கில் இருப்பது கொழுந்தா, தண்டா, மழைத் தண்ணீரா என்று அதற்குத் தெரியாது. தொங்கவிட்டதற்கு ஓர் எண்ணைச் சொல்லும். தண்ணீருக்கென்று இத்தனை கிலோ கழிப்பது கணக்கப்பிள்ளையின் வேலை. (அந்தக் கழிவைப் பற்றி மலையகத்தில் தனிப் புத்தகமே எழுதலாம்.)

மென்பொருளும் அப்படியொரு தராசு. மைக்குக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு காற்றழுத்தத்துக்கு ஏற்ப ஆடுகிறது. அந்த ஆட்டம் மின்னழுத்தமாகிறது. ஒலி அட்டை அந்த மின்னழுத்தத்தை விநாடிக்கு 48,000 தடவை நிறுத்து, ஒவ்வொரு தடவையும் ஓர் எண் தருகிறது. மென்பொருள் அதை எழுதிவைக்கிறது. 24 பிட்டில் எழுதினால் அந்தத் தராசுக்கு ஏறக்குறைய 1 கோடியே 67 லட்சம் படிகள் உண்டு. விநாடிக்கு 48,000 நிறுவை என்றால் 24,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எந்த அதிர்வையும் திரும்ப எழுப்பிவிடலாம். மனிதக் காது 20,000-க்கு மேல் போகாது, அதுவும் சிறுவயதில். ஆகவே தராசில் குறையில்லை. குறை, சாக்கில் தண்ணீரும் சேர்ந்து ஏறிவிட்டதில். அப்பாயியின் குரலும் மழையும் ஒரே எண்ணாகக் கூட்டப்பட்டுவிட்டன. 17 என்று எழுதியிருந்தால் அது 9-உம் 8-உமா, 12-உம் 5-உமா என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது. மழை எல்லா அதிர்வெண்ணிலும் பரவிக் கிடக்கும் இரைச்சல் என்பதால் குரல் இருக்கிற இடத்திலெல்லாம் அதுவும் இருக்கிறது. இரைச்சல் நீக்கும் கருவிகள் ஊகித்துக் கழிக்கின்றன. கழிவு கூடினால் என்ன ஆகும் என்று தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிந்தசைசர் பக்கம் வந்தால் தராசே கிடையாது. மலையில் யாரும் கொழுந்து எடுக்காமலே செக்ரோல் பதிவேட்டில் கிலோ எழுதுகிற வேலை அது. கேட்பவனின் காது நம்பும்படி எழுதப்படும் கள்ளக் கணக்கு.

அந்தக் கள்ளக் கணக்கை ஒருமுறை கையாலேயே போட்டுப் பார்ப்போம். தாளில் 100 கட்டம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் மனம்போன போக்கில் ஓர் எண்ணை எழுதுங்கள். பூச்சியத்துக்கு மேலும் கீழுமாக, எந்த ஒழுங்கும் இல்லாமல். இப்போது முதல் கட்டத்து எண்ணை ஒலிபெருக்கிக்கு அனுப்புங்கள். அனுப்பியதும் அந்தக் கட்டத்தில் பழைய எண்ணை அடித்துவிட்டு, அதற்கும் பக்கத்துக் கட்டத்து எண்ணுக்கும் சராசரியை எழுதுங்கள். அடுத்த கட்டத்துக்குப் போங்கள். நூறாவது முடிந்ததும் மறுபடி முதலாவது. விநாடிக்கு 44,100 கட்டம் என்ற வேகத்தில் இதைச் செய்தால் ஒலிபெருக்கியில் கேட்பது கிட்டார் கம்பியைச் சுண்டிய ஓசை. சுருதி, மேலை இசைக்காரர் சுருதி சேர்க்கும் 440 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில். 100 கட்டத்துக்குப் பதில் 200 போட்டால் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும்.

ஏன் கம்பி போல் ஒலிக்கிறது? சுண்டிய கம்பியில் முதலில் கூர்மையான சலசலப்பு இருக்கும்; அது சீக்கிரம் சாகும்; அடிநாதம் நின்று நின்று தேயும். பக்கத்து எண்ணோடு சராசரி எடுப்பது கூர்மைகளை மழுக்குகிற வேலை, ஆகவே உயர்ந்த அதிர்வுகள் முதலில் போகின்றன. கம்பி இல்லை, மரம் இல்லை, விரல் இல்லை. கூட்டி இரண்டால் வகுக்கத் தெரிந்தால் போதும். ஸ்டான்ஃபோர்டில் இருந்த கெவின் கார்ப்ளஸ், அலெக்சாண்டர் ஸ்ட்ராங் என்ற இருவர் 1983-இல் இதை வெளியிட்டார்கள். இதில் ஒரு குறும்பும் உண்டு: சராசரி எடுத்தபின் காசைச் சுண்டிப் பார்த்து, பூ விழுந்தால் அந்த எண்ணின் குறியை மாற்றிவிடுங்கள். கிட்டார் மறைந்து கொட்டு கேட்கும்.

கணினி பாடத் தொடங்கியது இதற்கும் முன்பே. 1957-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மாத்யூஸ் எழுதிய நிரல் 17 விநாடி இசையை உண்டாக்கியது. பத்து ஆண்டு கழித்து ஜோன் சௌனிங் ஓர் அலையைக் கொண்டு இன்னோர் அலையின் அதிர்வெண்ணை ஆட்டும் வித்தையைக் கண்டுபிடித்தார். அது 1983-இல் யமஹா டிஎக்ஸ்7 என்ற கீபோர்டாகக் கடைக்கு வந்து எண்பதுகளின் பாட்டுகளை நிரப்பியது. 1996-இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் விஎஸ்டி என்ற பொது வாசலைத் திறந்தது; 1999-இல் அந்த வாசல் வழியாக வாத்தியங்களும் ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் நுழைந்தன. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கத் தொடங்கியது அப்போதிருந்துதான். அதனால்தான் இன்றைக்கு எது எது என்று பையன்களுக்குக் குழப்பம்.

*

மழை கேட்காது என்பது சிந்தசைசரின் பெரிய புண்ணியம். நானுஓயாவில் மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. காலையில் ஈரம், மாலையில் மூட்டம், நடுவே தகரத்தில் கொட்டு. அந்த மாதங்களில் மைக்கைத் திறந்து வைப்பது வீண். சிந்தசைசருக்கோ பக்கத்துக் காம்பரா டிவி நாடகமும் கேட்காது, ஸ்டேஷனில் ரயில் ஊதுவதும் கேட்காது.

இன்னொரு புண்ணியம், எடை. நாலு நிமிடப் பாட்டில் ஒரே ஒரு மைக்கின் பதிவு, 48,000 நிறுவை, 24 பிட் என்ற கணக்கில் ஏறக்குறைய 35 மெகாபைட். அதே நாலு நிமிடத்தில் சிந்தசைசர் வாசிக்க வேண்டிய 2,000 சுரங்களை மிடி மொழியில் எழுதினால், சுரம் தொடங்க மூன்று பைட், முடிய மூன்று பைட், மொத்தம் 12 கிலோபைட். ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒரு பங்கு. ஏனென்றால் மிடியில் ஒலியே கிடையாது. "இந்தச் சுரத்தை இந்த வேகத்தில் அழுத்து, இப்போது விடு" என்ற கட்டளைகள் மட்டும். டேட்டா கார்ட் போட்டுக் கூட்டாளிக்குப் பாட்டு அனுப்புகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்தக் கட்டளையை வாங்கிக்கொண்டு வாசிக்க உள்ளே என்னென்ன வாத்தியம் இருக்கிறது?

1991-இல் அமெரிக்க, ஜப்பானியக் கம்பனிகள் சேர்ந்து ஜெனரல் மிடி என்றொரு பட்டியல் போட்டன. எந்தக் கருவியிலும் ஒரே எண்ணுக்கு ஒரே வாத்தியம் வர வேண்டும் என்பது நோக்கம். மொத்தம் 128. முதலாவது பியானோ. 105 சிதார். 109 ஆபிரிக்கக் கலிம்பா. 112 ஷெனாய். 117 ஜப்பானின் தைக்கோ முரசு. மிருதங்கம் இல்லை, நாதஸ்வரம் இல்லை, உடுக்கை இல்லை, பறை இல்லை, தப்பு இல்லை. கொட்டு வாத்தியங்களுக்குத் தனியாக ஒரு வரிசை உண்டு. அதில் பொங்கோ, கொங்கா, மரக்காஸ் எல்லாம் இருக்கின்றன, தபேலாகூட இல்லை. இடமில்லை என்று சொல்ல முடியாது. 123 கடலோசை, 124 குருவிச் சத்தம், 125 டெலிபோன் மணி, 126 ஹெலிகொப்டர், 128 துப்பாக்கிச் சூடு. ஹெலிகொப்டருக்குக் கிடைத்த நாற்காலி தமிழனின் கொட்டுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இதில் இன்னும் கோபம் உண்டு.

மலையகத்தில் தப்பு சும்மா ஒரு கொட்டு இல்லை. அந்தக் காலத்தில் விடியற்காலை ஆட்களைப் பெரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு) எழுப்பியது அது. சாவு வீட்டில் அது, கோயிலில் அது, மாசி மாதம் காமன் கூத்தில் மன்மதனும் ரதியும் ஆடுவதும் அதற்குத்தான். சிந்தசைசருக்குள் அதைப் பொய்யாகச் செய்துவிடலாமே என்று நானும் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். அங்கேதான் இயற்பியல் குறுக்கே வந்தது.

கம்பியும் குழலும் அதிரும்போது எழும் அதிர்வுகள் 1, 2, 3, 4 என்று முழுமடங்குகளில் வரும். சிந்தசைசரின் அடிப்படை அலைகளும், ரம்பப்பல், சதுரம், முக்கோணம் எதுவானாலும், அதே முழுமடங்குக் குடும்பம். இழுத்துக் கட்டிய வட்டத்தோல் அப்படி அதிராது. அதன் மடங்குகள் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்று ஒழுங்கில்லாமல் போகும். காது அதில் சுருதி தேடிக் கிடைக்காமல் அதைக் கொட்டு என்று புரிந்துகொள்கிறது. மிருதங்கத்தில் மட்டும் ஏன் சுருதி சேர்கிறது என்று கேட்டவர் சர் சி. வி. ராமன். 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழிலும், 1934-இல் விரிவாக மறுபடியும் அவர் விடை எழுதினார்: வலந்தலையின் நடுவில் இடும் கருப்புப் பூச்சின் பாரம் தோலின் அதிர்வுகளை முழுமடங்குக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. பெயர் தெரியாத கைவினைஞர்கள் விரல் நுனியால் தீர்த்துவைத்த கணக்கு அது. தப்பில் பூச்சு கிடையாது. அதற்குப் பதில் நெருப்பு.

தோல் ஈரம் குடித்தால் கனம் கூடும், இழுவிசை குறையும். இரண்டும் சேர்ந்து சுருதியைக் கீழே தள்ளும். நானுஓயா மூட்டத்தில் அரைமணி நேரம் அடித்தால் தப்பு மந்தமாகிவிடும். அதனால் சருகோ தாளோ கொளுத்தித் தப்பைக் காய்ச்சுகிறார்கள். காய்ச்சிய உடனே அடிக்கும் அடி கண்ணாடி உடைவது போல் தெறிக்கும். பத்து நிமிடம் கழிந்தால் அதே கை, அதே குச்சி, வேறு ஓசை. கூத்தின் நடுவே தாளம் ஏறி இறங்குவதில் இந்தக் காய்ச்சலுக்கும் பங்குண்டு. இதையெல்லாம் எந்த அலையில் எழுதுவது? காசு சுண்டிச் செய்த கார்ப்ளஸ்–ஸ்ட்ராங் கொட்டு, கொட்டு மாதிரித்தான் இருந்தது. தப்பு மாதிரி இல்லை. தம்பியிடம் போட்டுக் காட்டினேன்.

"தகரப் பெட்டிய தட்டுன மாதிரி இருக்கு அண்ணே," என்றான்.

குரலுக்கும் இதே கதைதான். தாலாட்டும் ஒப்பாரியும் ஒரு சுரத்தில் நின்று இன்னொரு சுரத்துக்குத் தாவுவதில்லை, வழுக்கிக்கொண்டு போகின்றன. கீபோர்டில் ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டை. சுருதியை வளைக்கும் சக்கரத்தால் ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் அப்பாயியை உண்டாக்க முடியாது.

தலவாக்கலைப் பக்கத்து மடகொம்பரைத் தோட்டத்தில் 1914-இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் திரட்டி அச்சில் ஏற்றினார். அவர் இல்லாவிட்டால் அதில் பல இன்று இல்லை. ஆனால் அச்சில் தங்கியது சொல். மெட்டு பாடினவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. இன்றைக்கு ஒவ்வொரு லயத்திலும் நாலு போன் இருக்கிறது. ஆகவே என் தீர்ப்பு மாறிவிட்டது: மலையகத்தில் முதலில் வர வேண்டியது ஒலிப்பதிவு மென்பொருள்தான்.

*

மைக்கைத் திறந்தால் காம்பரா பேசத் தொடங்கும். லயக் காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. நானுஓயாக் குளிரில், 16 பாகை என்று வைத்துக்கொண்டால், ஒலி விநாடிக்கு 341 மீட்டர் போகும். 10 அடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே பொருந்தி நிற்கும் முதல் அலை 56 ஹெர்ட்ஸ், இரண்டாவது 112. 12 அடிப் பக்கம் 47, 93. ஆண்கள் பேசும் குரலின் அடிநாதம் சராசரியாக 100 முதல் 120-க்குள். ஆகவே ஆம்பிளை பாடும்போது ஒன்றிரண்டு சுரம் மட்டும் பீப்பாய்க்குள் பாடியது போல் உப்பிக்கொண்டு கேட்கும். அது பாடகனின் குற்றமில்லை. நம்பாவிட்டால் காம்பராவின் மூலையில் நின்று "ம்ம்ம்" என்று தாழ்ந்த சுருதியிலிருந்து மெல்ல ஏற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் சுவரே உங்களோடு சேர்ந்து முனகும்.

கம்பளி தொங்கவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். பாதிதான் சரி. சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதில்லை, அசையாத காற்றைக் கம்பளியால் பிடிக்க முடியாது. அலை நன்றாக அசையும் இடம் சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளி. ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் 400 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள எதிரொலி அடங்கும். 112 ஹெர்ட்ஸை அடக்க முக்கால் மீட்டர் தள்ள வேண்டும். அவ்வளவு இடம் விட்டால் பாடுகிறவர் இஸ்தோப்பில்தான் நிற்க வேண்டும். ஆகவே நடுவிலும் வேண்டாம், மூலையிலும் வேண்டாம், கொஞ்சம் கோணலாக நின்று பாடட்டும். கம்பளி பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். மைக் பார்த்துக்கொண்டிருப்பது அந்தச் சுவரைத்தான்.

மழைக்கும் பாதி மருந்து இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரலின் அழுத்தம் இரட்டிப்பாகும், கணக்கில் 6 டெசிபெல். மழையோ கூரை முழுவதும் இருந்து வருவதால் அப்படியே இருக்கும். 60 சென்டிமீட்டரில் இருந்த மைக்கை 15-க்குக் கொண்டுவந்தால் 12 டெசிபெல் லாபம். இந்தியக் காசோ இலங்கைக் காசோ, ஒரு சதம் செலவில்லை. அப்பாயியின் பதிவில் போன் இருந்தது ஜன்னல் விளிம்பில்.

இன்னொரு சங்கதி, தாமதம். கணினி எண்களை ஒவ்வொன்றாக அனுப்பாது. கூடையில் சேர்த்துச் சேர்த்து அனுப்பும். கூடைக்கு 1,024 எண் என்றால் நிரம்ப 21 மில்லி விநாடி. போக ஒரு கூடை, வர ஒரு கூடை, 43. அந்த நேரத்தில் ஒலி 14 மீட்டருக்கு மேல் போய்விடும். அதாவது மைக்கில் பாடிக்கொண்டே ஹெட்போனில் தன் குரலைக் கேட்பவன், 14 மீட்டர் தள்ளி நிற்கும் தன்னோடு சேர்ந்து பாடுகிறான். தாளம் நிற்குமா? கூடையை 256-க்குக் குறைத்தால் மூன்றரை மீட்டர்; கூத்துக் களத்தில் அந்த இடைவெளியில் ஆட்கள் சேர்ந்து அடிக்கத்தான் செய்கிறார்கள். விண்டோஸில் இதற்கென்று ஏஸியோ ஃபோர் ஆல் என்ற இலவச இயக்கி இருக்கிறது.

*

இப்போது காசு.

இரண்டு இலவச மென்பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தம்பியின் கேள்வி அப்படியே கண்ணுக்குத் தெரியும். ஒன்று ஓடாசிட்டி. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்து 2000-இல் வெளிவந்தது. மைக்கில் வருவதை எழுதும், வெட்டும், ஒட்டும். விஎஸ்டி வாத்தியத்தை அதற்குள் வைத்து வாசிக்க முடியாது. மற்றது எல்எம்எம்எஸ். சிந்தசைசர்கள் உள்ளேயே நிறைந்திருக்கும், கொட்டு செய்யலாம், பேஸ் செய்யலாம். ஆனால் அதன் நிலையான பதிப்புகளில் மைக்கில் பாடிப் பதிய வழியில்லை. முன்னது எழுதும், வாசிக்காது. பின்னது வாசிக்கும், எழுதாது.

இரண்டையும் செய்வது ரீப்பர் போன்றவை. தனி ஆளுக்கு 60 டொலர். அறுபது நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். ஒரு டொலர் 300 ரூபாய் என்றால் 18,000. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த தோட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாய். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பெயர்; அந்தக் கணக்கில் பதின்மூன்று நாள் பெயருக்கு மேல். பெரிய ஸ்டூடியோக்காரர் பேசும் ஏபிள்டன் லைவ் முழுத்தொகுப்பு 749 டொலர். அது 166 நாள் பெயர். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் அந்த மே மாதம் 360-ஐத் தொட்டதை நினைத்துக்கொண்டால், விலையை டொலரில் சொல்கிற எந்தப் பொருளையும் மலையகத்தில் அவசரப்பட்டு வாங்கக் கூடாது என்று விளங்கும். களவாகக் கிடைக்கும் பிரதிகளைப் பற்றி ஒரு வார்த்தை: பல வருடம் முன்பு ஒரு கடையில் 150 ரூபாய்க்கு வாங்கிய சீடியில் முப்பது சிந்தசைசர் இருந்தன, கூடவே என் கணினியைத் தின்ற வைரஸும் இருந்தது. இன்றைக்கு சர்ஜ், வைட்டல், டிஎக்ஸ்7-ஐ அப்படியே பார்த்து எழுதிய டெக்ஸெட் எல்லாம் காசில்லாமல் நேர்வழியில் கிடைக்கின்றன. களவுக்குத் தேவையே இல்லை.

கருவி குறைவு என்று அழுகிறவர்களுக்கு எம்ஐஏ-வைச் சொல்லலாம். மாதங்கி அருள்பிரகாசம்; குழந்தைப் பருவத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். மேற்கு லண்டன் வீட்டில் ரோலண்ட் எம்சி-505 என்ற ஒரு தாளப்பெட்டி, பழைய நாலு தடக் கசட் பதிவான், ஒரு மைக் என்று வைத்துக்கொண்டு ஆறு பாட்டு செய்தார். அங்கிருந்து 2005-இல் 'அருளர்' வந்தது. தாளம் கணக்கில் பிறந்தது, குரல் காற்றில் பிறந்தது. ஏ. ஆர். ரஹ்மானும் கோடம்பாக்கத்து வீட்டுக் கொல்லைப்புறத்தில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் கட்டி, 1992-இல் 'ரோஜா'வை வெளியே அனுப்பியபோது சிந்தசைசர்களுக்குப் பேர்போனவர்தான். ஆனால் அந்தக் கீபோர்டுகளுக்கு நடுவே பாடகர்கள் மைக் முன்னால் நின்றுதான் பாடினார்கள்.

தம்பி காசை இப்படிச் செலவழித்தான்: மென்பொருளுக்கு அப்போதைக்கு ஒன்றுமில்லை, ஓடாசிட்டி. மீதி ஒரு டைனமிக் மைக்குக்கும் சின்ன யூஎஸ்பி ஒலிப்பெட்டிக்கும் போனது. பெரிய கண்டென்ஸர் மைக் வேண்டுமென்று அவனுக்கு ஆசை. அது பக்கத்துக் காம்பராவின் இருமலையும் எழுதும் என்று தடுத்துவிட்டேன். மழை மாதங்களில் எல்எம்எம்எஸில் உட்கார்ந்து பின்னணி செய்தான். ஜனவரி பிறந்து மழை ஓய்ந்தது.

மலையகத்தின் காய்ந்த மாதங்களும் காமன் கூத்தும் ஒன்றாக வருவது நம் அதிர்ஷ்டம். மாசியில் காமன் கம்பம் நட்ட பிறகு, கூத்து மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு, தப்பு அடிப்பவர் ஒருவரிடம் ஒற்றை அடிகளாக அறுபது வாங்கினோம். காய்ச்சிய உடனே இருபது, பத்து நிமிடம் கழித்து இருபது, மந்தமான பிறகு இருபது. ஒவ்வொன்றிலும் மெல்ல, நடுத்தரம், ஓங்கி. ஓர் அடிக்கு மூன்று விநாடி. எல்லாம் சேர்த்து 26 மெகாபைட். அந்தத் துண்டுகளை எல்எம்எம்எஸுக்குள் இழுத்துப் போட்டால் ஒவ்வொன்றும் ஒரு வாத்தியம். அழுத்தினால் அந்த மனிதரின் கை விழுகிறது. மழைக்காலத்திலும் விழும். சிந்தசைசரைக் கொண்டு அப்பாயியைச் செய்ய முடியாது. பதிவைக் கொண்டு சிந்தசைசர் செய்யலாம். ஜூலையில் எனக்கு இது உறைக்கவில்லை.

உங்கள் தோட்டத்தில் தப்பு காய்ச்சத் தெரிந்தவர் இருந்தால் வருகிற மாசிக்குள் அவரிடம் போய் அறுபது அடி கேட்டு வாங்குங்கள். அவர் பெயரைக் கோப்பிலேயே எழுதிவையுங்கள், யாருக்காவது கொடுப்பதானால் அவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். மைக் இல்லாவிட்டால் போன் போதும். ஆனால் போன் தானாகவே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். அடியின் வாலை அது இரைச்சல் என்று நினைத்துத் தின்றுவிடும். அந்த வசதியை அணைக்க இடம் தரும் செயலியாகப் பார்த்துப் போடுங்கள், போனை மூன்றடி தள்ளி வையுங்கள், ஜன்னல் விளிம்பில் வைக்காதீர்கள்.